ராக் கிராலர் லிங்குகள்: எதைக் கார்பனில் செய்வது, எதை விடுவது

பாறைமேல் ஊர்ந்து ஏறும் ரிமோட் கார்தான் ராக் கிராலர். 1/10 அளவு ராக் கிராலரில் ஆக்ஸிலை (சக்கர அச்சை) சேஸிஸோடு (அடிச்சட்டத்தோடு) பிணைக்கும் கம்பிகளே லிங்குகள். நான்கு லிங்க் அமைப்பு என்றால் ஒவ்வோர் ஆக்ஸிலுக்கும் கீழே இரண்டு, மேலே இரண்டு. ஸ்டியரிங் சர்வோவைச் சேஸிஸில் ஏற்றிய வண்டிகளில் முன்பக்கம் மேல் லிங்க் ஒன்று குறைந்து, அதற்குப் பதில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பன்ஹார்ட் கம்பி வரும். இவற்றைக் கார்பன் ஃபைபரில் செய்யலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எட்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். முடிவு தடம் மாறுவது அங்கேதான். கீழ் லிங்க் பாறையில் விழுந்து உரசி இழுபடுகிற பாகம். மேல் லிங்க், ஆக்ஸில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துகிற பாகம். வேலை வேறு, உடையும் விதமும் வேறு.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேல் லிங்குகளையும் பன்ஹார்டையும் கார்பன் குழாயில் தாராளமாகச் செய்யலாம். கீழ் லிங்குகளை வெறும் கார்பனில் செய்ய வேண்டாம். ஸ்டெயின்லெஸ், டைட்டானியம், அல்லது மேலே டெல்ரின் (வழுக்கும் கடின பிளாஸ்டிக்) உறை போட்ட கார்பன், இவற்றில் ஒன்றை எடுங்கள். எந்தக் கணக்கில் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

லிங்கில் உண்மையில் எவ்வளவு விசை

3 கிலோ வண்டி செங்குத்தான பாறையில் ஏறுகிறது, முழு எடையும் பின் ஆக்ஸிலில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 1 என்றால் டயர்கள் தள்ளக்கூடிய விசை சுமார் 30 நியூட்டன். டயரின் ஆரம் 57 மி.மீ. என்றால் ஆக்ஸிலைத் திருப்பப் பார்க்கும் முறுக்கு 1.7 நியூட்டன் மீட்டர். ஆக்ஸிலில் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் இடையே 27 மி.மீ. உயரம் இருந்தால், மேல் லிங்குகள் சேர்ந்து தாங்க வேண்டியது ஏறத்தாழ 63 நியூட்டன். ஆறரைக் கிலோ எடைக்குச் சமம்.

வெளிவிட்டம் 6, உள்விட்டம் 4 மி.மீ. உள்ள கார்பன் குழாயின் குறுக்குப் பரப்பு 15.7 சதுர மி.மீ. அந்த 63 நியூட்டனையும் ஒரே லிங்க் தாங்கினால்கூட வருவது 4 மெகாபாஸ்கல், அதாவது சதுர மி.மீ.க்கு 4 நியூட்டன். 110 மி.மீ. நீளத்தில் அந்தக் குழாய் அமுக்கத்தால் பக்கவாட்டில் மடிய ஏறத்தாழ 5000 நியூட்டன் வேண்டும். ஆகவே நீளவாக்கில் இழுப்பதும் தள்ளுவதும் கார்பனுக்கு ஒரு பொருட்டே இல்லை. குழாய் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று இழுவிசையை வைத்து யோசிப்பது வீண் வேலை.

பக்கவாட்டில் வரும் அடியில் கதை மாறுகிறது. அதே வண்டி ஒரு கீழ் லிங்கின் நடுவில் முழு எடையோடு உட்கார்ந்தால், 110 மி.மீ. இடைவெளிக்கு வளைவுத் திருப்பம் 825 நியூட்டன் மி.மீ. 6 மி.மீ. திட அலுமினியக் கம்பியில் அது 39 மெகாபாஸ்கல். சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. பாறையின் விளிம்பிலிருந்து நழுவி விழுந்து விசை பத்து மடங்கானால் 390. 6061-டி6 அலுமினியம் 276 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். 7075-டி6 சுமார் 500 வரை தாங்கும். கிரேடு 5 டைட்டானியம் 880 வரை தாங்கும்.

கார்பன் குழாயில் அதே அடி 485 மெகாபாஸ்கல். நார் ஓடும் திசையில் நல்ல கார்பன் 1000-க்கு மேல் தாங்கும் என்பதால் தாளில் இது தப்பிக்கிறது. ஆனால் பாறை, தாளில் வரைந்த விசை போல அகலமாகப் பரவி அழுத்துவதில்லை. ஒரு முனையில் குத்துகிறது. 1 மி.மீ. சுவர் உள்ளே நசுங்குகிறது, நார்களுக்கு இடையிலுள்ள ரெசின் பிளக்கிறது, நீளவாக்கில் ஒரு கோடு விழுகிறது. அலுமினியம் வளைந்து காட்டிக்கொடுக்கும். வளைந்த லிங்கோடு வண்டி வீடு வந்து சேரும். கார்பன் கோடு விழுந்த பிறகும் நேராகவே நிற்கும், அடுத்த அடியில் இரண்டாகும். கீழ் லிங்கை வெறும் கார்பனில் செய்ய வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தேய்மானம். கரடுமுரடான பாறையில் இழுபடும் கார்பனின் மேல்தோல் சில ஓட்டங்களிலேயே மங்கி, நார் சிலிர்த்து நிற்கும். அந்தச் சிலிர்ப்பு கையில் ஏறினால் எடுப்பது கடினம். அதோடு சிலிர்த்த பரப்பு வழுக்காது, பாறையைப் பிடிக்கும். கீழ் லிங்கின் பாதி வேலையே வழுக்கிக்கொண்டு போவதுதான்.

தராசில் வைத்துப் பார்த்தால்

கார்பனுக்கு மாறச் சொல்லும் முதல் காரணமாக எல்லோரும் எடையைச் சொல்வார்கள். அதை நேர்மையாக எடை போட்டுப் பார்க்க வேண்டும். ராட் எண்ட் (லிங்கின் முனையில் திருகி மாட்டும், உருண்டைப் பந்துள்ள கண்) துளை மையத்திலிருந்து மறுமுனைத் துளை மையம்வரை 110 மி.மீ. உள்ள லிங்க். ராட் எண்டுகளைக் கழித்தால் உடல் 74 மி.மீ. இருமுனையிலும் எம்4 × 25 எஃகு ஸ்டட் (4 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளமுள்ள தலையில்லாத திருகு). ராட் எண்டைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால்:

திட ஸ்டெயின்லெஸ், 6 மி.மீ.: 18 கிராம்
திட டைட்டானியம், 6 மி.மீ.: 12 கிராம்
திட அலுமினியம், 6 மி.மீ.: 8.6 கிராம்
திட டெல்ரின், 8 மி.மீ.: 8.6 கிராம்
கார்பன் குழாய் 6/4, எஃகு ஸ்டட், பசை உட்பட: 6 கிராம்
அதே குழாய், டைட்டானியம் ஸ்டட்: 4.3 கிராம்

கார்பன் குழாய் மட்டும் 2 கிராம்கூட இல்லை. ஆனால் இரண்டு எஃகு ஸ்டட்டுகள் சேர்ந்து 3.8 கிராம். லிங்கின் எடையில் பெரும்பங்கு உலோகம்தான். அலுமினியத்திலிருந்து கார்பனுக்கு மாறினால் ஒரு லிங்கில் மிச்சம் இரண்டரை கிராம், நான்கு மேல் லிங்குகளில் 10 கிராம். ஸ்டெயின்லெஸ்ஸிலிருந்து மாறினால் நான்கில் 48 கிராம். மேல் லிங்குகள் வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு 25 மி.மீ. மேலே இருப்பதாகக் கொண்டால், அந்த 48 கிராமை எடுத்ததால் 3 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவது 0.4 மி.மீ. முன் ஆக்ஸிலில் ஒரு ஜோடிப் பித்தளை நக்கிள் (சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) போட்டால் இதைவிட அதிகம் கிடைக்கும். எடை ஒன்றுக்காகவே கார்பனுக்கு மாறுவது, மொத்தம் 2 கிலோவுக்குக் கீழே இறக்கப் பார்க்கும் போட்டி வண்டிகளுக்கு மட்டும் பொருள் தரும்.

விறைப்பில் கார்பன் நன்றாகவே நிற்கிறது. மேலே சொன்ன 30 நியூட்டன் நடுவில் அழுத்தும்போது 110 மி.மீ. இடைவெளியில் ஸ்டெயின்லெஸ் 0.07 மி.மீ., டைட்டானியம் 0.11, கார்பன் குழாய் 0.14, அலுமினியம் 0.19 மி.மீ. தொய்கின்றன. 8 மி.மீ. டெல்ரின் 1.4 மி.மீ. தொய்யும். மூன்றில் ஒரு பங்கு எடையில் ஸ்டெயின்லெஸ்ஸை விட இரண்டு மடங்கு தொய்வு என்பது நல்ல பேரம்.

கார்பன் குழாயின் உண்மையான வசதியைப் பலர் பேசுவதில்லை. லேத் இல்லாமல் வேண்டிய நீளத்தில் லிங்க் செய்யலாம். 6 மி.மீ. அலுமினியக் கம்பியின் முனையில் 3.3 மி.மீ. துளையை 15 மி.மீ. ஆழத்துக்கு மையம் விலகாமல் போட்டு, எம்4 டேப் (உள்மரை வெட்டும் கருவி) அடிப்பது கைத்துளைப்பானில் ஆகிற காரியம் இல்லை. துளை சாய்ந்தால் ராட் எண்ட் சாயும், லிங்க் வளைந்ததுபோல் நடக்கும். 6/4 குழாயில் துளை ஏற்கனவே மையத்தில் இருக்கிறது; எம்4 மரையின் வெளிவிட்டம் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்பதால் ஸ்டட் அதற்குள் வழுக்கிக்கொண்டு போகும். ரம்பமும் ஈபாக்ஸிப் பசையும் போதும். வீல்பேஸை (முன், பின் ஆக்ஸில்களின் இடைவெளியை) மாற்றிப் பார்க்கவும் பினியன் கோணத்தை (ஆக்ஸிலுக்குள் நுழையும் பல்சக்கரத் தண்டின் சாய்வை) சரிசெய்யவும் அடிக்கடி புது நீளம் தேவைப்படுகிறவர்களுக்கு இதுதான் கார்பனைத் தேர்ந்தெடுக்கச் சரியான காரணம்.

கார்பனிலேயே எந்த வகை

கடையில் கார்பன் குழாய் என்று கேட்டால் கிடைப்பது இரண்டு வகை. நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓட, அச்சின் வழியே இழுத்துச் செய்தது ஒன்று. அது விலை குறைவு, நீளவாக்கில் மிக விறைப்பு, ஆனால் சுற்றளவில் பலமே இல்லை. விரல்நகத்தால் முனையை நெம்பினால்கூடப் பிளவு ஓடும். மற்றொன்று நெய்த துணியும் ஒருதிசை நாரும் மாறி மாறிச் சுற்றிச் செய்தது. வெளியே கட்டம் கட்டமாக நெசவு தெரியும். நீளவாக்கு விறைப்பில் சற்றுக் குறைவு, பிளவுக்கு எதிராக வெகு தூரம் மேல். லிங்குக்கு இரண்டாவதையே வாங்குங்கள். முதல் வகைதான் கையில் இருக்கிறது என்றால் முனையை நூலால் கட்டாமல் பயன்படுத்தவே கூடாது. வெளியே மட்டும் நெசவுத் தாள் ஒட்டி, உள்ளே நீளவாக்கு நாரே உள்ள குழாய்களும் உண்டு. வெட்டிய முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சுவரில் அடுக்குகள் தெரிகின்றனவா என்று கண்டுபிடித்துவிடலாம்.

திடக் கார்பன் கம்பியின் முனையில் துளைபோட்டு மரையிடும் யோசனையைக் கைவிடுங்கள். துளைப்பான் நார்களுக்கு நடுவே ஆப்புப்போல் இறங்கிக் கம்பியைப் பிளக்கும். டேப் அடித்தால் ரெசின் மட்டுமே மரையாக நிற்கும், அது பொடிந்துவிடும். திடக் கம்பிதான் வேண்டுமென்றால் வெளியே மாட்டும் அலுமினியக் கிண்ணம் கடைந்து, அதற்குள் கம்பியை ஒட்டி, கிண்ணத்தின் பின்புறத்தில் எம்4 மரை எடுக்க வேண்டும். அதற்கு லேத் வேண்டும், எடையும் ஏறும். குழாயைவிட நசுங்கலை நன்றாகத் தாங்கும் என்பது ஒன்றே லாபம்.

4 அல்லது 5 மி.மீ. கார்பன் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கும் தட்டை லிங்குகள் பார்க்க அழகு. பாறையில் இடிக்காதபடி மேல்நோக்கி வளைந்த வடிவத்தைக் கார்பனில் எளிதாகப் பெற இதுதான் வழி. சிக்கல் முனையில். ஆக்ஸில் ஒருபுறம் தூக்கும்போது லிங்க் தன் அச்சில் சற்றுத் திரும்ப வேண்டும், அதற்கு உருண்டைப் பந்துள்ள ராட் எண்ட் தேவை. தகட்டின் விளிம்பில் மரை எடுத்தால் அடுக்குகள் பிரியும். ராட் எண்டின் தண்டை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து எம்3 திருகுகளால் இறுக்குவதுதான் நிலைக்கிற முறை. துளையின் மையத்திலிருந்து விளிம்புவரை துளை விட்டத்தின் இரண்டு மடங்காவது விடவேண்டும். பாறையில் படுவது தகட்டின் வெட்டு விளிம்பு. அடுக்குகள் பிரியத் தொடங்குவதும் அங்கேதான். இதையும் கீழே போடப் பரிந்துரைக்க மாட்டோம்.

குழாயையும் கம்பியையும் சூடாக்கி வளைக்கலாமா என்ற கேள்வியும் வரும். முடியாது. நார்களைப் பிணைக்கும் ஈபாக்ஸி ரெசின் இறுகிய பிறகு மீண்டும் உருகாது. சூடு ஏறினால் மென்மையாகி நார் மடிந்து உடையும். வளைந்த லிங்க் தேவையெனில் ஸ்டெயின்லெஸ்ஸோ டைட்டானியமோ வாங்குவதே நியாயம்.

இழைக் கண்ணி முறை தனியாகப் பேசத் தகுந்தது. குழாயும் ஸ்டட்டும் போலப் பசையின் பிடியை நம்பாத வழி அது. இரண்டு அலுமினியப் புஷ்களை (சிறு வளையங்களை) ஒரு பலகையில் ஆணிகளில் மாட்டி, ஈபாக்ஸியில் நனைத்த கார்பன் இழையை அவற்றைச் சுற்றி ஒரே கண்ணியாக ஓட்டுவது. 12கே இழை ஒன்றில் 12,000 நார்கள், மீட்டருக்கு 0.8 கிராம். ரெசினோடு சேர்ந்து ஓர் இழை சுமார் 0.84 சதுர மி.மீ. பரப்பாகும். பத்துச் சுற்று சுற்றினால் இருபுறமும் சேர்த்து 20 இழை, 16.8 சதுர மி.மீ. மேலே பேசிய 6/4 குழாய்க்குச் சமம். 110 மி.மீ. லிங்குக்குப் போகும் இழை இரண்டரை மீட்டருக்கும் குறைவு. நாரும் ரெசினும் சேர்த்து 3 கிராம். இழுப்பை நாரே முழுமையாகத் தாங்கும். ஆனால் இரண்டு கால்களும் மெல்லிய பட்டைகள், தள்ளும் விசையில் தனித்தனியே நெளியும். நடுவில் நுரை அல்லது பால்சா துண்டு வைத்து, மேலே குறுக்காக ஒரு சுற்று இழை கட்டினால்தான் அது லிங்க் ஆகும். நீளத்தைத் திருகி மாற்ற முடியாது. புஷ்ஷுக்குள் உருண்டைப் பந்தைப் பொருத்த வேண்டும். வடிவமைப்பு முடிந்து, நீளம் இனி மாறாது என்று உறுதியான பன்ஹார்டுக்கு இது அருமையாகப் பொருந்தும். அதற்கு முன்னால் இதில் இறங்கினால் உழைப்பு வீணாகும்.

குழாயும் ஸ்டட்டும்: செய்கிற முறை

பெரும்பாலோர் செய்யப்போவது இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

நீளம்: வேண்டிய மையத்திலிருந்து மையம்வரை நீளத்தில், ராட் எண்டின் துளை மையத்திலிருந்து அதன் பின்முகம்வரை உள்ள தூரத்தை இரண்டு முறை கழியுங்கள். சரிசெய்ய இடம் வேண்டி இருமுனையிலும் 1 மி.மீ. கழியுங்கள். ராட் எண்டின் தூரம் 17 மி.மீ. என்றால் 110 − 34 − 2 = 74 மி.மீ. குழாய். மேல் லிங்கில் 1 மி.மீ. பிழை, 27 மி.மீ. உயர இடைவெளியில் பினியன் கோணத்தை இரண்டு பாகைக்கு மேல் மாற்றிவிடும். 60 மி.மீ. இடைவெளியில் பொருத்திய கீழ் லிங்குகளில் ஒன்று 0.5 மி.மீ. கூடினால் ஆக்ஸில் அரைப் பாகை கோணும். ஜோடிக் குழாய்களை அரை மி.மீ. நீளமாக வெட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் தேய்த்து முடிப்பது நல்லது.

வெட்டு: வெட்டுமிடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் குறியிட்டு, அங்குலத்துக்கு 32 பல் ரம்பத்தாலோ வைரத் தூள் பூசிய சிறு வட்டத் தகட்டாலோ வெட்டுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போகாமல், குழாயைச் சுழற்றிச் சுற்றிலும் சுவரை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் நார் பிய்ந்து தொங்காது. பைப் கட்டர் வேண்டாம். அது வெட்டுவதற்கு முன் நசுக்கிவிடும். வைஸில் நேரடியாகக் கவ்வவும் கூடாது. மரக்கட்டையில் ஒரு பள்ளம் எடுத்து அதில் படுக்க வையுங்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு, தோலில் அரிக்கும், மின்கடத்தியும்கூட. எஃப்எஃப்பி3 அல்லது பி100 முகமூடி, கையுறை, ஈரத்துணி. எலக்ட்ரானிக்ஸ் திறந்து கிடக்கும் மேசையில் வெட்டவே கூடாது. முனையை 400 எண் உப்புத்தாளில் தேய்த்து, மெல்லிய சூப்பர் குளூவைத் தொட்டுவைத்தால் வெட்டு முகத்தில் நார் பிரியாது.

முனைக் கட்டு: குழாயின் கடைசி 8 முதல் 10 மி.மீ.யில் பாலியெஸ்டர் அல்லது கெவ்லார் நூலை நெருக்கமாகச் சுற்றி ஈபாக்ஸியில் நனையுங்கள். வெளிவிட்டம் அரை மி.மீ.க்கு மேல் கூடாது. ஸ்டட் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்து இறுக விட்டுவிட வேண்டும்.

உள்சுவர்: சுற்றிச் செய்த குழாய்களை உருளையிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகுப் பொருள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வருகிற பெரும்பாலான லிங்குகளுக்குக் காரணம் இந்த மெழுகுதான். 3 மி.மீ. கம்பியில் 180 எண் உப்புத்தாளைச் சுருட்டி 16 மி.மீ. ஆழம்வரை நன்றாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பஞ்சில் கருமை குறையும்வரை மீண்டும் மீண்டும். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிய வேண்டும்.

ஸ்டட்: எம்4 × 25 தலையில்லாத திருகு. உள்ளே 15 மி.மீ., இடைவெளி 1 மி.மீ., ராட் எண்டுக்குள் 9 மி.மீ. மரையின் எண்ணெய் போக ஆல்கஹாலில் கழுவி, அரத்தால் நீளவாக்கில் 0.3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு தட்டைக் கோடு இழுங்கள். இந்தக் கோடு முக்கியம். முதல் முனை இறுகிய பிறகு குழாய் ஒரு மூடிய சிலிண்டர். இரண்டாவது ஸ்டட்டைச் செருகும்போது உள்ளே மாட்டிய காற்று அதைப் பிஸ்டன்போல் மெல்ல வெளியே தள்ளும், அல்லது பசைக்குள் குமிழியாகப் புகும். கோடு அந்தக் காற்றுக்கு வழி விடும். குழாயில் காற்றுத்துளை போட்டால் பலம் குறையும், அது வேண்டாம். ஈபாக்ஸி உள்ளே ஓடிவிடாமலிருக்க 17 மி.மீ. ஆழத்தில் ஒரு சிறு நுரைத் துண்டை அடைத்துவையுங்கள்.

பசை: மெதுவாக இறுகும், நெகிழ்வு சேர்த்த ஈபாக்ஸி. 3எம் டிபி420 இந்த வகை, கலந்தபின் சுமார் 20 நிமிடம் வேலை செய்யலாம். சாதாரண ஜேபி வெல்டும் போதும், 24 மணி நேரம் விடுங்கள். ஐந்து நிமிட ஈபாக்ஸி சூட்டில் மென்மையாகும். சூப்பர் குளூ அதிர்ச்சியில் பொடியும். 15 மி.மீ. ஆழத்தில் ஒட்டுப்பரப்பு சுமார் 190 சதுர மி.மீ. பசையின் பிடியை 10 மெகாபாஸ்கல் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 1900 நியூட்டன் தாங்கும். தேவைக்கு முப்பது மடங்கு. 20 மி.மீ. ஸ்டட் போட்டு எடையைக் குறைக்கலாமே என்று தோன்றும். இழுவைக்கு அது போதும்தான். ஆனால் ஆழம் குறைந்தால் ஸ்டட் சாயும்போது குழாயின் வாயை நெம்பும் விசை கூடுகிறது. 15 மி.மீ.யைக் குறைக்காதீர்கள்.

குழாயின் உட்புறத்திலும் மரையிலும் பசை தடவி, ஸ்டட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். வெளியே நிற்கும் மரையில் மெழுகு தடவி ஒரு நட்டை முன்கூட்டியே போட்டுவைத்தால் ஆழம் தானாகவே சரியாக நிற்கும், மரையும் பசையாகாது. அலுமினிய ஆங்கிளின் வி-பள்ளத்தில் படுக்கவைத்து இறுகவிட்டால் இருமுனையும் ஒரே நேர்கோட்டில் வரும். பசை கெட்டியான பிறகு 50 முதல் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பது பிடியைக் கூட்டும். கெட்டியாவதற்கு முன் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து ஸ்டட்டைத் தள்ளிவிடும்.

திருகியே நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரு முனையில் இடது மரை ஸ்டட் ஒட்டி, அந்தப் பக்கம் வெள்ளைக் கோடு போட்டுவையுங்கள். அதற்குப் பொருந்தும் இடது மரை ராட் எண்ட் முதலில் கையில் இருக்க வேண்டும்.

வண்டியில் போடும் முன் எம்4 கண் நட்டு மாட்டி 20 கிலோ எடையை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். மெழுகு போகாத ஒட்டு இங்கேயே நழுவும்.

எங்கே உடைகிறது, ஏன்

ஸ்டட் சுத்தமாக வெளியே வந்து, மரைமேல் பசை ஒட்டியிருந்தால் குழாயின் மெழுகு போகவில்லை. பசை குழாயிலேயே இருந்து மரை மட்டும் பளபளவென்று வந்தால் திருகில் எண்ணெய். குழாயின் வாயிலிருந்து நீளவாக்கில் கோடு ஓடினால் முனைக் கட்டு இல்லை அல்லது ராட் எண்ட் அதன் திரும்பும் எல்லையைத் தாண்டி மடக்கப்பட்டு ஸ்டட்டை நெம்பியிருக்கிறது. சஸ்பென்ஷனை முழுமையாகத் திருகிப் பார்த்து, எங்கும் ராட் எண்ட் அதன் தாங்கியில் இடிக்கவில்லை என்று உறுதி செய்யாமல் கார்பன் லிங்கைப் போடுவது தவறு. உலோக லிங்க் அந்த இடிப்பை வளைந்து ஏற்றுக்கொள்ளும், கார்பன் ஏற்காது.

ஸ்டட்டே வளைந்தால் ராட் எண்டுக்கும் குழாய்க்கும் நடுவே மரை அதிகம் தெரிகிறது என்று பொருள். எம்4 மரையின் அடிவிட்டம் 3.1 மி.மீ. சுற்றியே வரும். 3 மி.மீ.க்கு மேல் மரை வெளியே தெரியும்படி நீளத்தைக் கூட்டாதீர்கள், புதுக் குழாய் வெட்டுங்கள். பிளாஸ்டிக் ராட் எண்ட் கழன்று வந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். மலிவான பாகம் முதலில் விட்டுக்கொடுப்பது நல்ல அமைப்பு. அதை அலுமினிய ராட் எண்டாக மாற்றினால் அடுத்து விட்டுக்கொடுப்பது குழாய்.

அலுமினிய முனைத்துண்டு போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும், ஒட்டு உள்ளிருந்தே விடும். ஓடையில் இறங்கும் வண்டியென்றால் ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியம் ஸ்டட். அலுமினியம்தான் என்றால் அனோடைஸ் செய்தது, அதோடு இரண்டுக்கும் நடுவே பசைப்படலம் முழுமையாக இருக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு எது

உண்மைத் தோற்றத்தோடு 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள டிரெயில் வண்டி: கீழே 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ். எடை கீழேதான் இருக்கிறது, அதனால் கெடுதல் இல்லை, பாறையில் நன்றாக வழுக்கும். மேலே கார்பன் குழாய் அல்லது அலுமினியம், எது எளிதாகக் கிடைக்கிறதோ அது. இங்கே கார்பனுக்காகத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. அலுமினியத்தைக் கீழே போட்டால் பாறை கீறிக் கீறிப் பிசிறு எழும்பி, பிறகு அந்தப் பிசிறே மாட்டிக்கொள்ளும்.

எடையைச் சுரண்டும் போட்டி வண்டி: மேலே டைட்டானியம் ஸ்டட்டோடு கார்பன். கீழே டெல்ரின் உறைக்குள் கார்பன். 10 மி.மீ. டெல்ரின் கம்பியில் 6 மி.மீ. துளையிட்டு 74 மி.மீ. நீளத்துக்கு உறை செய்தால் 5 கிராம். உள்ளே கார்பனோடு சேர்த்து 9 முதல் 11 கிராம், ஸ்டட்டைப் பொறுத்து. ஸ்டெயின்லெஸ்ஸில் ஏறத்தாழ பாதி. பாறையின் குத்தை டெல்ரின் பரப்பிக் கொடுக்கிறது, விறைப்பைக் கார்பன் தருகிறது. டெல்ரினில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, ஒட்டப் பார்க்க வேண்டாம். இருபுறமும் ஸ்டட்டில் ஒரு வாஷர் போட்டு, ராட் எண்டுகளுக்கு நடுவே உறை சிக்கி நிற்கும்படி செய்யுங்கள். முனைக் கட்டின் தடிமனுக்கு ஏற்ப உறையின் வாயை 7 மி.மீ.க்கு அகலப்படுத்த வேண்டும். உறை தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

வேகமாக ஓட்டி உயரத்திலிருந்து குதிக்கும் வண்டி: கார்பனை மேலேயும் தவிர்க்கலாம். டைட்டானியம் விலை கூடினாலும் நிலைக்கும்.

1/24 போன்ற சிறு வண்டிகளுக்கு 3/2 மி.மீ. குழாயும் எம்2 ஸ்டட்டும் இதே முறையில் பொருந்தும், உள்ளே 8 மி.மீ. போதும். வண்டி இலகு என்பதால் அங்கே கீழேகூடக் கார்பன் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த அளவில் பித்தளை லிங்கின் எடைதான் வண்டி கவிழாமல் காப்பாற்றுகிறது, ஆகவே கீழே பித்தளையையே வையுங்கள்.

போட்ட பிறகு ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பின்னும் குழாயைத் துடைத்து, நகத்தை நீளவாக்கில் அல்லாமல் குறுக்காகச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். நீளவாக்கு விரிசல் குறுக்கே போகும் நகத்தில்தான் தட்டுப்படும். ராட் எண்டைப் பிடித்துக்கொண்டு குழாயைத் திருகும்போது மெல்லிய கிரீச் சத்தம் கேட்டால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. விரிசல் கண்ட குழாயில் மேலே பசை பூசி மீண்டும் ஓட்ட வேண்டாம். சுற்றிலும் கத்தியால் நூல்கட்டை அறுத்து, ஸ்டட்டைச் சூடாக்கி இழுத்தெடுத்தால் ஸ்டட்டுகள் அடுத்த குழாய்க்கு உதவும்.